வீட்டில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி: தோப்பில் முகமது மீரான் எழுதிய விதம்

நீலகிரி மாவட்டத்துத் தேவாலாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “எங்கள் வீட்டில் பேசுவது மலையாளம். படித்தது முழுக்கத் தமிழ் மீடியம். கதை எழுத ஆசை. உட்கார்ந்து எழுதினால் இரண்டும் கலந்து வருகிறது, படித்தவர்கள் சிரிக்கிறார்கள். தோப்பில் முகமது மீரானுக்குத் தமிழ் எழுதவே தெரியாது, ஆனாலும் தமிழில் நாவல் எழுதி சாகித்திய அகாதெமி விருது வாங்கினார் என்று ஒருவர் சொன்னார். நிஜமா? அவரைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள். எதில் ஆரம்பிப்பது என்றும் சொல்லுங்கள்.”

பாதி நிஜம் தம்பி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் கதை மாறிப் போகும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீரான் பிறந்தது 1944 செப்டம்பர் 26 அன்று, தேங்காய்ப்பட்டணத்தில். குழித்துறை ஆறு கடலில் சேருகிற இடத்தை ஒட்டிய பழைய துறைமுக ஊர். இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம் என்கிறோம். அவர் பிறந்தபோது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். பேச்சு தமிழ், ஆட்சி மொழி மலையாளம். அந்தப் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் பெரிய போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். புதுக்கடை என்பது தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்து ஊர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தபோது மீரானுக்கு வயது பன்னிரண்டு. அதற்குள் அவர் கை மலையாள எழுத்தில் உருண்டு பழகிவிட்டது. படிப்பும் மலையாள வழியில்தான்.

இது நமக்கு விளங்காத விஷயம் இல்லை. நம் கூடலூர், பந்தலூர், தேவாலா, சேரம்பாடி எல்லாம் ஒரு காலத்தில் மலபார் மாவட்டத்து வயநாட்டின் தென்கிழக்கு மூலை. 1877இல் அங்கிருந்து வெட்டி நீலகிரியோடு ஒட்டினார்கள். நூற்றைம்பது வருஷம் ஆகப் போகிறது, இன்னும் நாடுகாணிச் சந்திப்பில் நின்றால் நிலம்பூர் பஸ்ஸுக்கு ஒரு பேச்சு, ஊட்டி பஸ்ஸுக்கு ஒரு பேச்சு. மீரானின் ஊர் வந்தது நம் ஊருக்கு எழுபத்தொன்பது வருஷம் கழித்து, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அவர் வீட்டில் பேசியது என்ன மொழி? இங்கேதான் உங்களிடம் சொன்னவர் தவறிவிட்டார். அது தமிழ்தான். தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம்கள் பேசும் தமிழ். வாப்பா, உம்மா, மோனே என்று கூப்பிடுகிற தமிழ். குடிக்கிற தண்ணீரை ‘வெள்ளம்’ என்கிற, பலாப்பழத்தைச் ‘சக்கை’ என்கிற, ஞாபகத்தை ‘ஓர்மை’ என்கிற தமிழ். நடுநடுவே அரபுச் சொல் ஒன்று தன் வீடு மாதிரி வந்து உட்காரும். ‘பள்ளி’ என்றால் அங்கே தொழுகிற இடம், படிக்கிற இடம் ‘பள்ளிக்கூடம்’. ஆக, அவர் வாயில் இருந்தது ஒரு தமிழ், கையில் இருந்தது மலையாள எழுத்து, பத்திரிகையிலும் பாடப் புத்தகத்திலும் அச்சான தமிழ் மூன்றாவதாக எங்கோ தூரத்தில். தொடக்க காலத்தில் அவர் மலையாளத்தில் எழுதி, இன்னொருவர் துணையோடு அதைத் தமிழ் எழுத்துக்குக் கொண்டுவந்தார். ‘தமிழே தெரியாதவர் தமிழ் நாவல் எழுதினார்’ என்ற கதை இதிலிருந்து கிளம்பியது. தமிழ் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத் தமிழ் அவரைத் தொட வழியில்லாமல் போயிற்று.

அது அவருக்கு நஷ்டமா? ஒரு கணக்கில் நஷ்டம். முதல் நாவல் புத்தகமாக வந்த 1988இல் அவருக்கு நாற்பத்து நான்கு வயது. இருபத்தைந்தில் வந்திருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டு ஒரு பையனுக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், என் கதையைச் சொல்கிறேன்.

நான் மலையாளி இல்லை. அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து வந்தவர்கள். 1964 சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து எடுக்க வந்து சேர்ந்தார்கள். எங்கள் வீட்டில் ரொட்டிக்குப் பெயர் ‘பாண்’. டீ என்பது ‘தேத்தண்ணி’. காலையில் ஆள் கணக்கு எடுப்பது ‘பெரட்டு’. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு ‘தொங்கல் வீடு’. ஆறாம் வகுப்பில் ‘எனது காலை உணவு’ என்று ஒரு கட்டுரை. ‘நான் பாணும் தேத்தண்ணியும் சாப்பிட்டேன்’ என்று எழுதினேன். சிவப்பு மையில் இரண்டு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வாத்தியார் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தும் காட்டினார். மறுநாளிலிருந்து நான் இட்லி சாப்பிடுகிறவனாகிவிட்டேன், நோட்டில் மட்டும். வீட்டில் இட்லிச் சட்டியே கிடையாது. அதற்குப் பிறகு நான் எழுதிய எதிலும் எங்கள் வீடு வரவில்லை. மீரானுக்கு அந்தச் சிவப்பு வட்டம் தமிழில் விழவில்லை. நான் அவரைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வது இதைத்தான்.

மலையாளப் படிப்பு அவருக்கு இன்னொன்றையும் கொடுத்தது: வைக்கம் முகம்மது பஷீர். உங்கள் வீட்டில் மலையாளம் என்பதால் பெயர் தெரிந்திருக்கும். ‘பாத்தும்மாவின் ஆடு’ 1959இல் வந்தது. அதில் பஷீரின் தம்பி அப்துல்காதர், வாத்தியார், அண்ணன் எழுதியதை எடுத்துவைத்துக்கொண்டு எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று மிரட்டுகிற இடம் ஒன்று உண்டு. பஷீரும் சும்மா விடமாட்டார், நான் பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறேன், உன் இலக்கணத்தை நீயே வைத்துக்கொள் என்கிற தோரணையில் பதிலுக்குச் சண்டை போடுவார். சிரித்துக்கொண்டே படிக்கிற இடம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: வீட்டில் உம்மாவும் பெங்ஙளும், அதாவது அம்மாவும் சகோதரியும், பேசுகிற பேச்சு அப்படியே புத்தகத்தில் ஏறலாம், அதைப் பெரிய எழுத்தாளர் ஒருவரே செய்திருக்கிறார் என்று பார்த்து வளர்ந்த ஒரு வாசகன் தமிழில் எழுத வந்தால், அவனுக்குக் கூச்சம் எதற்கு? பின்னாளில் மீரான் பஷீரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் மொழிபெயர்க்கவும் செய்தார். என்.பி. முகம்மதுவின் மலையாள நாவல் ஒன்றையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். இரண்டு கரையிலும் கால் வைத்தவர்களுக்கு இந்த வேலை தானாக வந்து சேரும்.

பிழைப்புக்கு அவர் செய்தது மிளகாய் வற்றல் வியாபாரம், திருநெல்வேலியில். கடற்கரையை விட்டு உள்நாட்டுக்கு வந்து, மூட்டைக் கணக்கும் நெடியுமாக இருந்துகொண்டு, விட்டுவந்த ஊரை எழுதினார். எழுத்தாளர் என்று யாரையாவது நினைத்தால் நமக்கு ஒரு மேஜை, ஒரு ஜன்னல் ஞாபகம் வரும். இவருக்குச் சாக்கு மூட்டைதான். எனக்கு என்னவோ அது பிடித்திருக்கிறது. வியாபாரி மனிதர்களை விலை பேசும்போது பார்த்தவர். அவர் நாவல்களில் யாராவது யாரிடமாவது ஒன்றை விற்கிற, அடகு வைக்கிற, ஏமாறுகிற இடங்கள் எல்லாம் உயிரோடு இருக்கும்.

இனி நாவல்கள். முதலாவது ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. ‘முஸ்லிம் முரசு’ பத்திரிகையில் தொடராக வந்து பிறகு புத்தகமானது. நாடு சுதந்திரம் அடைவதற்கு முந்தைய காலம். வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளிதான் ஊர். பள்ளிவாசல் அவர் சொல்படி, நியாயம் அவர் திண்ணையில். சொத்து உள்ளே உள்ளே கரைந்துகொண்டிருக்கும், ஆனால் குரல் இறங்காது. ஊருக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரப் போகிறது என்றதும் அவருக்குப் பதறுகிறது. இங்கிலீஷ் படித்தால் பிள்ளைகள் காபிர், அதாவது மார்க்கத்தை மறுக்கிறவர்கள், ஆகிவிடுவார்கள் என்று தடுக்கிறார். பாடம் சொல்லித்தர வருகிறவர் மெகபூப்கான் என்ற வாத்தியார். இன்னொரு பக்கம் தங்ஙள், நபி வழியில் வந்தவர் என்று ஊர் மதிக்கிற ஒருவர், வந்து இறங்கி, பக்தியை வைத்து ஊரைச் சுரண்டுகிறார். இவர்கள் எல்லோருக்கும் நடுவில் சுறாப்பீலி (சுறாமீன் துடுப்பு) வியாபாரி மஹ்மூது என்று ஒருவன், காசில்லாதவன், முதலாளியின் முகத்துக்கு நேரே நிமிர்ந்து நிற்கிறவன். எனக்கு அந்த நாவலில் மிகப் பிடித்த ஆள் அவன்தான்.

கதையை இவ்வளவு சுருக்கினால் சீர்திருத்த நாடகம் மாதிரி தெரியும். படித்தால் அப்படி இருக்காது. முதலாளி மேல் கோபம் வரும்போதே அவர் வீட்டுப் பெண்களின் அழுகை சுவர் வழியாகக் கேட்கும். கெட்டவன் தோற்றான் என்று புத்தகத்தை மூட முடியாது. அந்த வீடு இடிகிற சத்தம் நமக்கும் வலிக்கும்.

அந்தப் புத்தகத்தை நான் முதலில் வாங்கியபோது இருபது பக்கம் தாண்டத் தடுமாறினேன். உரையாடல் மட்டும் வட்டார வழக்கில் இருந்தால் சமாளிக்கலாம், ஆசிரியர் தன் குரலில் சொல்கிற இடத்திலும் ஊர்ச் சொற்கள் வந்துகொண்டே இருந்தன. கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டீக்கடை. கடைக்காரரை எல்லோரும் இக்கா என்போம். அங்கே வெறும் டீக்கு மூன்று பெயர்: மலப்புரத்துக்காரர் ‘கட்டன்’ என்பார், எங்கள் ஆட்கள் ‘பிளேன்டீ’ என்போம், கோயம்புத்தூர் லாரிக்காரர் ‘வர டீ’ கேட்பார். மூன்றும் ஒரே கேத்தலிலிருந்துதான் வரும். இக்காவுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வராது. ஒரு மழை நாள், சாயங்காலம் கரண்ட் இல்லை, கடையில் ஆளும் இல்லை. சும்மா இருக்கிறோமே என்று அந்த நாவலைச் சத்தமாக வாசித்தேன். நான் புரியாமல் நிறுத்திய இடத்தில் எல்லாம் இக்கா சிரித்தார். ‘ஓர்மை’ என்று வந்த இடத்தில் ஓரம், ஒருமை என்று நான் எதையெல்லாமோ யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டே, “ஞாபகம்டா, வேறென்ன” என்றார். நான்கு பக்கம் போனதும் கிளாஸை வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார். தமிழ் படித்த எனக்கு உரை தேவைப்பட்டது, தமிழ் படிக்கத் தெரியாதவருக்குத் தேவைப்படவில்லை. அன்றைக்கு எனக்கு மீரானின் கைப்பிரதி எப்படி உருவாகியிருக்கும் என்று லேசாகப் பிடிபட்டது.

அடுத்தது ‘துறைமுகம்’, 1991. மீன் வியாபாரமும் கொழும்புத் தொடர்பும் வருகிற நாவல். சிலோன் என்ற சொல்லுக்காகவே நான் தேடிப் படித்தேன். 1993இல் ‘கூனன் தோப்பு’. முஸ்லிம்களும் மீனவக் கிறிஸ்தவர்களும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிற கடற்கரையில் சண்டை எப்படிப் பற்றுகிறது என்பது. யார் பக்கமும் சாயாமல் எழுதுவது அப்படிப்பட்ட விஷயத்தில் லேசு இல்லை, அதுவும் அந்த ஊர்க்காரரே எழுதும்போது.

பிறகு 1997இல் ‘சாய்வு நாற்காலி’. அந்த வருஷத்துச் சாகித்திய அகாதெமி விருது அதற்குத்தான். என்னைக் கேட்டால் அவருடைய கட்டுக்கோப்பான நாவல் இது. முதல் நாவல் ஊரின் கதை என்றால் இது ஒரு வீட்டின் கதை: சவ்தா மன்ஸில். மூதாதை ஒருவர் மார்த்தாண்டவர்மா ராஜாவுக்கு உதவி செய்து பெருமை சம்பாதித்தவர். அந்தப் பெருமையைத் தின்றுகொண்டே முஸ்தபாக்கண்ணு சாய்வு நாற்காலியில் கிடக்கிறார். வேலைக்குப் போக மாட்டார், நாக்குக்கு மட்டும் ருசி வேண்டும். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே போய்ச் சாப்பாடாகத் திரும்பி வரும். அந்த வீட்டில் பெண்களை அடிப்பதற்கென்றே ஒரு பிரம்பு இருக்கிறது, ‘அதபு பிரம்பு’. அதபு என்றால் அரபியில் ஒழுக்கம், மரியாதை. இந்த ஒரு சொல்லை எடுத்துப் பாருங்கள். ‘ஒழுக்கப் பிரம்பு’ என்று நல்ல தமிழில் எழுதியிருந்தால் அது ஆசிரியரின் கிண்டலாகிவிடும். ‘அதபு’ என்று வீட்டார் வாயிலிருந்து வரும்போது அடிக்கிறவன் அதை நிஜமாகவே புண்ணியம் என்று நம்புகிறான் என்று தெரிகிறது. பயம் அங்கேதான் இருக்கிறது. வட்டாரச் சொல்லை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்கிறவர்களுக்கும் இவருக்கும் உள்ள தூரம் இதுதான்.

அதன் பிறகு ‘அஞ்சுவண்ணம் தெரு’, நெசவாளர் குடும்பங்களின் தெரு, பழைய தர்கா நம்பிக்கைகளுக்கும் புதிதாக வந்த கண்டிப்பான மார்க்கப் பேச்சுக்கும் நடுவில் அந்தத் தெரு படும் பாடு. கடைசி நாவல் ‘குடியேற்றம்’, 2017. இதற்கிடையில் சிறுகதைகள் நிறைய. 2019 மே 10 அன்று திருநெல்வேலியில் காலமானார். எழுபத்து நான்கு வயது.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். நாவலுக்கு நாவல் அதே ஊர், அதே இடிகிற வீடு, அதே பழம்பெருமை. தொடர்ந்து நான்கைப் படித்தால் மூன்றாவதில் கொஞ்சம் அலுக்கும். சிறுகதைகளில் திருநெல்வேலி வாழ்க்கை வரும்போது காற்று மாறினாற்போல இருக்கும். சேர்த்துப் படிக்காமல் இடைவெளி விட்டுப் படியுங்கள்.

இப்போது உங்கள் எழுத்துக்கு வருகிறேன். உங்கள் நிலைமை மீரானுக்குத் தலைகீழ். அவருக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். உங்களுக்கு எழுத்து தமிழ், வீடு மலையாளம். அதனால் அவர் செய்ததை அப்படியே செய்ய முடியாது. அவர் வீட்டுப் பேச்சு எவ்வளவு கலந்திருந்தாலும் தமிழ் வாசகன் முக்கி முனகியாவது வந்து சேர்ந்துவிடுவான். நீங்கள் அம்மா பேசும் மலையாளத்தை அப்படியே தமிழ் எழுத்தில் இறக்கினால் திருச்சிக்காரர் இரண்டாம் வரியில் மூடிவிடுவார். ‘சம்சாரிச்சு’ என்று நீங்கள் எழுதினால் பேசினான் என்று உங்களுக்குப் பொருள், அவருக்கு அதில் யாரோ ஒருவர் மனைவி தெரிவாள். ‘பட்டி’ என்றால் உங்களுக்கு நாய், அவருக்கு அது ஊர்ப் பெயரின் வால். சிரிக்கிறார்கள் என்றீர்களே, பாதிச் சிரிப்பு இதற்காகத்தான் இருக்கும். மனசு நோகாதீர்கள்.

ஆனால் தேவாலாக்காரர்கள் தமிழும் பேசுகிறார்களே. மலையாள வீட்டுப் பெரியம்மா கொழுந்து எடை போடுகிற இடத்தில் கணக்குப்பிள்ளையோடு சண்டை போடுகிற தமிழ் ஒன்று இருக்கிறது. பணியர் பழங்குடி வீட்டுப் பையன் ரேஷன் கடையில் பேசுகிற தமிழ் ஒன்று இருக்கிறது. எங்கள் அப்பா சேரம்பாடிக் கடையில் ‘பாண்’ கேட்டு, கடைக்காரர் முழித்து, கடைசியில் இரண்டு பேரும் விரலால் காட்டி ‘பிரெட்’டில் வந்து நின்ற தமிழ் ஒன்று இருக்கிறது. இவற்றை இதுவரை யாரும் சரியாக எழுதவில்லை என்பது என் ஆதங்கம். உங்கள் காதில் அது ஏற்கெனவே இருக்கிறது. முதல் வரைவில் எதையும் திருத்தாதீர்கள், வந்த மாதிரி எழுதுங்கள். பிறகு உங்கள் ஊரே தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, அவர் நிற்கிற இடத்தை மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சிரித்த இடத்தை விட்டுவிடுங்கள், புரியாமல் நின்ற இடத்தைப் பாருங்கள். மீரானுக்கும் எழுதித் தர, படித்துப் பார்க்க ஆள் இருந்தார்கள். தனியாக உட்கார்ந்து தமிழ் மரபிலக்கணத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று போனால் நீங்கள் திரும்ப மாட்டீர்கள், என்னைப் போல நோட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் ஆரம்பியுங்கள். சத்தமாகப் படியுங்கள், வீட்டில் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பிறகு ‘சாய்வு நாற்காலி’. புத்தகம் கிடைக்கவில்லை என்றால் கூடலூர் வரும்போது என் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிய பொருளை நம்ப வேண்டாம், பாதி தப்பு. நான் வாசித்துக் காட்டியதும் அதை அடித்துவிட்டு இக்கா பேனாவால் மலையாள எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார், அதைப் படியுங்கள். எனக்கு அந்த எழுத்து தெரியாது, உங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்குமே.